ஆறு மாதம் யார் வைத்துக்கொள்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரதமரின் சுதந்திர தின உரையைப் பற்றி நீங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். வேலை, கட்டமைப்பு, பாதுகாப்பு, ஒற்றுமை என்று நான்கையும் எடுத்துக்கொண்டு, சில இடத்தில் தட்டிக்கொடுத்தும் சில இடத்தில் குட்டியும் எழுதியிருந்தீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். ஆதார் திருத்தம், பான் கார்டு, பி.எஃப். என்று எந்தத் திட்டம் வந்தாலும் அதன் வால் பகுதி என் கடை வாசலில்தான் வந்து நிற்கும். அங்கிருந்து பார்த்ததை எழுதலாம் என்று தோன்றியது.

2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் அவர் 103 நிமிடம் பேசினார். ஒரு லட்சம் கோடி ரூபாயில் வேலைவாய்ப்புத் திட்டம் அன்றுமுதல் தொடங்குகிறது, முதன்முதலாகத் தனியார் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு 15,000 ரூபாய் கிடைக்கும், மூன்றரைக் கோடிப் பேர் பயன்பெறுவார்கள் என்றார். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்குவதற்குள் இரண்டு பையன்கள் காத்திருந்தார்கள். “அக்கா, பதினஞ்சாயிரம் எதுல அப்ளை பண்ணணும்?”

அப்ளை பண்ணுவதற்குத் தனியாக ஒன்றும் இல்லை. வேலைக்கு எடுக்கிற கம்பெனி பி.எஃப்.பில் பெயர் சேர்க்க வேண்டும். பையனுக்கு யூஏஎன் என்கிற பி.எஃப். அடையாள எண் வேண்டும், அதை அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டி எடுக்க வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தால் முதல் தவணை. பன்னிரண்டு மாதம் முடிந்து, பணத்தைக் கையாள்வது பற்றி ஒரு சின்னப் பயிற்சியும் முடித்தால் இரண்டாவது தவணை. மொத்தத் தொகை ஒரு மாதச் சம்பளம்தான், 15,000 என்பது உச்சவரம்பு. முதலாளிக்கும் கூடுதலாக எடுக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டு வருடத்துக்கு உண்டு. உற்பத்தித் தொழில் என்றால் நான்கு வருடம்.

காகிதத்தில் நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வேலை கொடுத்து, அதைப் பதிவிலும் ஏற்று என்று முதலாளியை ஆசைகாட்டி இழுக்கிறது. ஆனால் வடசென்னையில் அது மூன்று இடத்தில் தட்டுகிறது.

ஒன்று, பி.எஃப். சட்டம் இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்துக்குத்தான் கட்டாயம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் வந்து பாருங்கள். லேத் பட்டறை, வெல்டிங் ஷாப், பழைய இரும்புக் குடோன், அட்டைப்பெட்டி செய்கிற இடம் எல்லாவற்றிலும் ஆறு பேர், எட்டுப் பேர். காசிமேட்டில் ஐஸ் உடைப்பவருக்கும் கூடை தூக்குபவருக்கும் யார் பி.எஃப். பிடிக்கப் போகிறார்கள்? இவர்கள் யாரும் இந்தத் திட்டத்தின் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

அடுத்தது, ‘முதல் வேலை’ என்கிற வார்த்தை. 2025 ஆகஸ்ட் 1க்கு முன்னால் பி.எஃப்.பில் பெயர் ஏறாதவராக இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் பத்தொன்பது வயதிலேயே காண்ட்ராக்டில் போய்விடுகிறார்கள். துறைமுகம், மணலி, கும்மிடிப்பூண்டி என்று எங்கே ஆள் கேட்டாலும் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். இரண்டு மாதம் பி.எஃப். பிடித்திருப்பார்கள், அப்புறம் ‘வேலை முடிஞ்சது, போ’ என்று அனுப்பிவிடுவார்கள். வெளியேறிய தேதியைக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு பையனுக்கு அவனுக்கே தெரியாமல் இரண்டு யூஏஎன் இருந்தது. போதாக்குறைக்கு ஒன்றில் அப்பா பெயர் இனிஷியலாக, இன்னொன்றில் முழுப் பெயராக. அவன் வாழ்க்கையில் இதுவரை ஒரு நிரந்தர வேலை பார்த்ததில்லை. ஆனால் திட்டத்தின் கண்ணில் அவன் ‘அனுபவசாலி’. பதினைந்தாயிரம் கிடையாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஆறு மாதம் யார் வைத்துக்கொள்கிறார்கள்? என் கடைக்கு வருகிறவர்களில் ஒரே காண்ட்ராக்டரிடம் ஆறு மாதம் முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்று மாதம், நான்கு மாதம், பிறகு வேறு ஒரு பெயரில் வேறு ஒரு காண்ட்ராக்டர். கம்பெனி வாசலும் அதே, மெஷினும் அதே, சூப்பர்வைசரும் அதே. 14,000 சம்பளம் வாங்கும் பையனுக்காக முதலாளிக்கு மாதம் 2,000 ரூபாய் வருமாம். அதற்காக அவர்கள் இந்தப் பழக்கத்தை விடுவார்களா?

என் தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். ‘பின்னியில மாப்பிள்ளை’ என்றாலே பெண் கொடுத்துவிடுவார்களாம். அந்தக் கௌரவம் சம்பளத்தால் மட்டும் வந்ததில்லை, நாளைக்கும் வேலை இருக்கும் என்பதால் வந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் ஆட்களை வைத்துத்தான். 1996இல் மில்லையே மூடிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லும்படி மிச்சமிருப்பது பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை. 2018இல் முதல் வந்தே பாரத் ரயில் அங்கே உருவானது என்பதில் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

கட்டமைப்பு பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரி 14 அன்று பிரதமர் வந்து வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவைத் திறந்துவைத்தார். 9 கிலோமீட்டர்தான், ஆனால் என் தங்கை காலடிப்பேட்டையில் ஏறி சென்ட்ரலுக்கு வேர்க்காமல் போகிறாள். துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை வேறு கதை. 2009இல் ஒரு பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2012இல் வேலை நின்று, தூண்கள் மட்டும் கூவத்துக்குத் துணையாக நின்றன. 2022இல் இன்னொரு பிரதமர் அதற்கே மறுபடி அடிக்கல் நாட்டினார், இந்த முறை இரண்டு அடுக்கு. அடிக்கல்லிலும் இரண்டு அடுக்கு என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சிரிப்பாகவும் இருக்கும், வயிறும் எரியும்.

பாதுகாப்பு. 2035க்குள் ‘சுதர்சன சக்கரம்’ என்ற கவசம் நாட்டின் முக்கிய இடங்களைக் காக்கும் என்றார். வேண்டியதுதான். 1914இல் எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டுத் துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த ஊர் இது. கெட்டிக்காரனை இன்றைக்கும் ‘எம்டன்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்துக்கு வந்த ஆபத்து எதிரி நாட்டிலிருந்து வரவில்லை. கடலுக்கடியில் போன குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். 2025 மே 7 அன்று துறைமுகத்தில் போர்க்கால ஒத்திகை நடத்தினார்கள். சரி, அதே மாதிரி ஒரு ஒத்திகையை எண்ணூர்க் குப்பங்களில் வாயுக் கசிவுக்காக நடத்தி, ஊருக்கு ஒரு சைரனும் வைத்தால், அதற்கு 2035 வரை காத்திருக்க வேண்டாமே.

ஒற்றுமையைப் பற்றி நீங்கள் நிறைய எழுதியிருந்தீர்கள். வடஇந்திய வியாபாரிகளின் சௌகார்பேட்டையும் முஸ்லிம்கள் நிறைந்த மண்ணடியும் பக்கத்துப் பக்கத்தில் வியாபாரம் செய்கிற ஊர், பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களின் அத்தோ நூடுல்ஸுக்கு வரிசையில் நிற்கிற ஊர் இது. அந்த உரையில் ஊடுருவல்காரர்களைக் கையாள உயர்மட்ட மக்கள்தொகை இயக்கம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. எல்லையைக் காக்க வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அதற்கப்புறம் வங்காளம் பேசுகிற ஒரு தொழிலாளி என் கடைக்கு வந்து ஆதாரை ஐந்து பிரதி எடுத்து, ஒன்றை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊர் மேற்கு வங்காளத்தின் மால்டாவாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அருகே கட்டப்பட்டு வரும் அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். எல்லோரும் அசாமிலிருந்து வந்தவர்கள். நம் வீட்டில் ஃபேன் சுற்றத்தான் அவ்வளவு உயரத்தில் ஏறினார்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வேலைவாய்ப்புத் திட்டத்தில் 2027 ஜூலை 31 வரை சேரலாம். அதற்குள் நீங்கள் அடுத்த தலையங்கம் எழுதுவீர்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கை அரசே பெரிய எழுத்தில் போட்டுவிடும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே இடத்தில் ஆறு மாதம் முடித்தார்கள் என்பதை மட்டும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர் என்று தாலுகா வாரியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. பத்திரிகையில் இடம் இல்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், கடை வாசலில் ஒட்டுகிறேன். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.

தங்கள் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 21