விலையையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சிறுநீரகப் புற்றுநோய்க் கட்டுரை பயனுள்ளது. வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போகும்போதுதான் இந்தக் கட்டி பெரும்பாலும் கண்ணில் படுகிறது, நான்கு செ.மீ.க்குள் இருந்தால் பலருக்குச் சிறுநீரகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் வெட்டியெடுக்க முடிகிறது என்பதையெல்லாம் புரியும்படி சொல்லியிருந்தார்கள். சிறுநீரில் ரத்தம் ஒருமுறை வந்து தானாக நின்றுவிட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

மருந்துகள் பகுதியில்தான் எனக்குக் குறை. பெயர்கள் வரிசையாக வருகின்றன, விலை ஓரிடத்தில்கூட இல்லை. விலையை விட்டுவிட்டு நம் நாட்டில் இந்த நோயைப் பற்றி எப்படி எழுதுவது?

2005இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்ற சோராஃபெனிப் மாத்திரையை பேயர் நிறுவனம் இங்கே மாதத்துக்குச் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே அந்த மருந்தைச் செய்து விற்கும் அனுமதி, கொடுத்ததால், ஹைதராபாத்தின் நாட்கோ மருந்து நிறுவனம் ஒரு மாதத்துக்கான 120 மாத்திரைகளை 8,880 ரூபாய்க்குத் தர முடிந்தது. இந்தியாவில் மருந்துக்குக் கிடைத்த முதல் கட்டாய உரிமம் அது. பேயர் மேல்முறையீடு செய்தது சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தில். 2013இல் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான அமர்வு உரிமம் செல்லும் என்றது. நாட்கோவின் விற்பனையிலிருந்து பேயருக்குச் சேரவேண்டிய பங்கை (ராயல்டி) மட்டும் 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கியது. சென்னையில் வந்த தீர்ப்பு, நம் பத்திரிகைகளுக்கே மறந்துபோனது!

இன்று சோராஃபெனிப் பின்னுக்குப் போய்விட்டது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகள் முன்னுக்கு வந்துவிட்டன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு வரை ஏற்றுகிறார்கள். பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உயிருள்ள செல்களில் வளர்த்தெடுக்கும் இவற்றை மாத்திரையைப் போல இன்னொரு கம்பெனி சுலபமாகச் செய்துவிட முடியாது. 2023இல் பெம்ப்ரோலிசுமாபுக்கு மத்திய அரசு சுங்க வரியை நீக்கியது. சரி, வரி போனது. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும்படி இறங்கியதா என்றால், இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். தொடர்ச்சி எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மாதச் செலவு என்ன, இதே நோய்க்குத் தரும் சுனிடினிப், பசோபனிப் மாத்திரைகளின் ஜெனரிக் (வேறு கம்பெனிகள் செய்யும் அதே மருந்து) என்ன விலை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று அதில் இருக்கட்டும்.

ஒரு வாசகர்,
திண்டுக்கல்.