அக்காவைத் தண்ணீரில் நிறுத்தியவனுக்கு

அன்புள்ள தம்பி,

மாடி அறையை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டேன். புளியரைப் பக்கம் வேலை பார்க்கிற பையன், ஒண்டி ஆள், ஒன்றாம் தேதி வருகிறான். "அவன் வந்தா எங்க படுப்பான்" என்று 11 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

இதை ஏன் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதற்குத்தான்.

பொங்கல் கழிந்ததுமே மாடியைக் காலி செய்ய ஆரம்பித்தேன். உன் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போடுவதற்காகக் கீழே இறக்கி வைத்திருந்தேன். மண்டியில் பில் அடிக்கிற கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிற பையன் திறந்து பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருக்குக்கா" என்றான், உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டியாம். 650 ரூபாய் ஆயிற்று. ஏன் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. திரையில் முதலில் கண்ணில் பட்டது உன் வெஸ்நாத் விளையாட்டுத்தான், ஆளுக்கொரு முறை (அதுதான் டர்ன்) படையை நகர்த்திச் சண்டை போடுகிற ஆட்டம். அன்றிலிருந்து ஆடுகிறேன், கணக்கு எழுதி முடித்த பிறகு, ராத்திரி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ காசு கட்டி ஆடுகிறாய் என்று அப்பாவிடம் சொன்னது நான்தான். வெஸ்நாத்துக்குக் காசே கிடையாது, 2003இல் டேவிட் வைட் என்பவர் தொடங்கி, அப்புறம் ஊர்ப்பட்ட பேர் சும்மா வந்து வேலை செய்து வளர்த்தது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாமே நீ. சொல்லமாட்டாய். உன் வழக்கமே அதுதானே.

உனக்குத் தெரிந்த ஆட்டத்தை உனக்கே விளக்கப் போவதில்லை. புதிதாக வந்தவளுக்கு எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் சுத்தப் பித்தலாட்டம் என்றுதான் நினைத்தேன். மந்திரவாதி அடித்தால் எந்த நிலத்தில் நிற்கிறவனாக இருந்தாலும் 70 சதவீதம் படும் என்கிறது விதி. மூன்று அடி அடிக்கிறார், மூன்றும் காற்றில் போகிறது. பெருக்கிப் பார்த்தேன், அப்படி ஆவதற்கு 2.7 சதவீதம்தான் வாய்ப்பு, சுமார் 37 தடவைக்கு ஒரு தடவை. எனக்கு ஒரே ராத்திரியில் இரண்டு தடவை ஆனது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்போது உன் ஞாபகம் வந்தது, நீயும் அப்படித்தான் நடுராத்திரியில் இறங்கி வந்து பானையைத் திறப்பாய், மூடி தட்டும் சத்தத்தில் ஆச்சி திட்டுவாள்.

அதிர்ஷ்டத்தைத் திட்டித் தீர்த்த பிறகுதான் பொழுது கணக்கு பிடிபட்டது. 9 புள்ளி அடிக்கிற ஆர்க் என்கிற அரக்கன் ராத்திரியில் 11 அடிக்கிறான், பகலில் 7தான். எல்ஃப் என்கிற காட்டு ஆட்களுக்கு இரவும் பகலும் ஒன்று. அந்தி சாயும்போது பின்வாங்கிக் காட்டுக்குள் நின்றால் வருகிற பத்து அடியில் பாதிக்கு மேல் தப்பிவிடும், விடிந்ததும் திருப்பி அடிக்கலாம். இது எனக்குப் புதுசா? தக்காளி லாரியை எந்த மணிக்கு விட்டால் புனலூர்ச் சந்தைக்குப் பழுதில்லாமல் போகும் என்று இத்தனை வருஷமாகப் பார்க்கிறவள் நான். இருந்தும் ஐந்து தடவை ராத்திரியில் முன்னேறித் தோற்றேன், ஏனென்றால் எதிரி தெரிந்தால் அடிக்க வேண்டும் என்று கை பரபரக்கிறது.

ஈட்டிக்காரனை எலும்புக்கூட்டின் மேல் விட்டால் பாதிகூட இறங்காது, தடி எடுத்தவன் போனால் நொறுங்கிவிடும். குதிரைக்காரன் பாய்ந்தால் இரண்டு மடங்கு அடிப்பான், இரண்டு மடங்கு வாங்கவும் வாங்குவான், ஆனால் திருப்பி அடிக்கத் தெரியாத சூனியக்காரப் பயல்கள் மேல் விட்டால் அவனுக்கு நஷ்டமே இல்லை. எல்லாவற்றையும் வெல்கிற ஆள் என்று யாருமே கிடையாது, யாரை யார் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில்தான் ஆட்டம் முழுக்க இருக்கிறது. கணக்குப் பிள்ளையாக இதை நான் மெச்சுகிறேன்.

மெச்சாததும் உண்டு. ஒரு கட்டம் முடிந்து மிச்சம் வைத்த பணத்தில் 100க்கு 40தான் கதையின் அடுத்த கட்டத்தில் வரவாகிறது. இங்கே அளந்து செலவழிக்காததற்கு மூன்று கட்டம் தள்ளி அடி விழுகிறது, அதற்குள் எங்கே தவறினோம் என்பதே மறந்துபோகிறது. வளர்த்த ஆள் செத்தால் ஆட்டத்தின் பழைய சேமிப்பைத் திறந்து மறுபடி ஆடிக்கொள்ளவும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஆட்டம் கடினமா எளிதா என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது என்றாகிவிடுகிறது. இதை ஆழம் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கொன்றவனுக்குத்தான் அனுபவப் புள்ளி அதிகம். அதனால் பெரியவர்கள் நாலு பேர் அடித்துத் துவைத்துவிட்டு, கடைசி அடியைப் பொடியனுக்கு விட வேண்டும், அவன் வளருவான். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். நம் வீட்டில் எல்லாக் கடைசி அடியும் யாருக்குப் போனது? எனக்கு பி.காம் கட்டணம் கட்ட முடியாத வருஷத்தில்தான் உனக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சரி, விடு. கதையில் தானாக வந்து சேருகிற விசுவாசிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம் என்றும் ஒரு விதி இருக்கிறது, அதையும் படித்தேன், அதற்குச் சிரிக்கவில்லை.

இது மன்னிப்புக் கடிதமாகத்தான் மனதில் இருந்தது. 2014 ஜூன். நீயும் அங்கேதான் இருந்தாய், சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த இருட்டான மானிட்டர் என்னை விடவில்லை. சாரல் பிடித்துக்கொண்டிருந்தது, எல்லையில் லாரி நாலு மணி நேரம் நின்றுபோய், பாதிச் சரக்கு நசுங்கி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு நனைந்து வருகிறேன். அம்மா கீழிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். மேலே வந்து நின்றேன். "ஒரே ஒரு டர்ன்க்கா" என்றாய், திரும்பிக்கூடப் பார்க்காமல். பிளக்கைப் பிடுங்கினேன். கத்துவாய் என்று பார்த்தேன், அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ அந்தக் கறுப்புத் திரையில் உன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "சரிக்கா" என்றாய். இறங்கி வந்து இரண்டு தோசை தின்றாய். மூன்றாவது வைக்கப் போனேன், கையால் மறைத்தாய்.

நாலாம் நாள் நீ போய்விட்டாய். அப்போது மலை தாண்டிப் போக ரயிலும் கிடையாது, மீட்டர் கேஜை 2010இலேயே மூடிவிட்டார்கள். ஆரியங்காவு வழி பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு போனாய். 2018இல் அகலப்பாதை வந்தபோது "இனி ரயில் இருக்கு, வந்துருவான்" என்றாள் அம்மா. வருகிறாய், இரண்டு நாள் விருந்தாளி மாதிரி.

அதற்குப் பிறகு நம் சொந்தக்காரர்கள் மத்தியில் நான் ஒரு கதையாகிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிப் பயலை மனுஷனாக்கினவள். கல்யாண வீடுகளில் உன்னை வைத்துக்கொண்டே சொல்வார்கள், நீயும் சிரித்துக்கொண்டே இருப்பாய். எனக்கு ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருந்தது, மறுபக்கம் அந்த இரண்டு தோசை. மாதக்கணக்கில் வளர்த்ததை ஒரு நொடியில் அழித்துவிட்டேனே என்று 11 வருஷம்.

அழியவே இல்லை. ஒவ்வொரு டர்ன் தொடங்கும்போதும் அது தானே சேமித்துக்கொள்கிறது. உனக்கு அது தெரியும். எனக்கு ஏப்ரலில்தான் தெரிந்தது.

பட்டியலில் தேதியும் மணியும் வரிசையாக இருக்கிறது. நான் பேரேடு பார்க்கிறவள், என்னிடம் அதைக் காட்டலாமா? பதினொன்றாம் டர்ன், இரவு 10.04. அடுத்தது பன்னிரண்டாம் டர்ன், 1.37. நாங்கள் எல்லோரும் தூங்கின பிறகு அதே பிளக்கைச் சொருகி, விட்ட இடத்திலிருந்து ஆடியிருக்கிறாய். நஷ்டம் ஒரு டர்ன்கூட முழுசாக இல்லை. விடிவதற்குள் அந்தக் கட்டத்தை ஜெயித்தும் விட்டாய். இதை மறைத்துக்கொண்டு 11 தீபாவளிக்கு என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாயே, பாவி.

இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. என்னால் போகவில்லை என்றால் நீ எதனால் போனாய்? அந்த ஜூனில் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். புனலூர் அத்தை இதை வாசிப்பாள், வாசித்த கையோடு அம்மாவுக்கு போன் போடுவாள். உனக்குப் புரியும். பழியை நான் சுமந்தது சிலருக்கு வசதியாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உன்னையும் சேர்த்துத்தான்.

உன் மகள் என்னை ஆன்ட்டி என்கிறாள். எர்ணாகுளத்தில் வளர்ந்தால் என்ன, அத்தை என்று சொல்லிக் கொடு.

இன்னொன்று. உன் ஆட்களுக்கு நீயே பெயர் வைத்திருக்கிறாய், ஆங்கில எழுத்தில். ஆச்சி இருக்கிறாள், உன் கூட்டாளிகள் இருக்கிறார்கள், அப்பா என்று யாரும் இல்லை (கவனித்தேன்). ஒரு டிரூயிட்டுக்கு அக்கா என்று பெயர். ஷாமன் என்கிற சின்ன எல்ஃப் மருத்துவச்சியாக 15 பொன்னுக்கு வாங்கி டிரூயிட்டாக வளர்த்திருக்கிறாய். புதிதாக ஆடுகிறவர்கள் ஷாமனை வாங்கவே மாட்டார்கள், நானும் வாங்கவில்லை, 3 புள்ளி அடிக்கிறவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்புறம் பார்த்தால் அவள் கொடியால் காலைக் கட்டுகிறாள், கட்டுப்பட்டவனுக்கு அடியும் நடையும் பாதியாகிவிடுகிறது, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் காயமும் ஆறுகிறது. இந்த விளையாட்டின் ஆழம் எனக்குப் புரிந்ததே அவளால்தான். காலைக் கட்டுகிறவள், காயத்தை ஆற்றுகிறவள், அவளுக்குப் போய் என் பெயரை வைத்திருக்கிறாயே என்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

10.04 சேமிப்பில் அக்கா காட்டு ஓரத்தில் நல்லபடியாக நிற்கிறாள். 1.37 சேமிப்பில் ஆற்றுக்குள் நிற்கிறாள். நடுராத்திரி, சுற்றி மூன்று ஆர்க்குகள், உயிர் 7. தண்ணீரில் எல்ஃபுக்கு 20 சதவீதம்தான் தப்பும் என்று உனக்குத் தெரியாதா? பதின்மூன்றாம் டர்னில் அவள் இல்லை. அடுத்த கட்டத்தின் ஆள் பட்டியலிலும் இல்லை. பழைய சேமிப்பைத் திறந்து நீ அவளைத் திருப்பி எடுக்கவும் இல்லை.

கதாநாயகன் கான்ராட் செத்தால் ஆட்டம் முடிந்தது, அவனைக் காப்பாற்றத்தான் குறுக்கே நிறுத்தினேன், வேறு ஆள் இல்லை என்று சொல்வாய். அந்த டர்னை நான் ஏழு தடவை திறந்து ஆடிவிட்டேன். ஆமாம், நான் வேண்டாம் என்று சொன்ன அதே வேலைதான். நாலு தடவை அக்கா பிழைத்துக்கொண்டாள். கான்ராடுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆற்றங்கரையில், அவளுக்கு இரண்டே இடம் பின்னால், ஒரு கீறல்கூட இல்லாமல் ஒரு ஃபைட்டர் சும்மா நின்றுகொண்டிருக்கிறான், தம்பி.

அக்கா
செங்கோட்டை