எரிந்துபோன சான்றிதழ்களுக்கு யார் பொறுப்பு? தலைமைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசுத் தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2012 நவம்பர் 7ஆம் தேதி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோப்புகள் உங்களிடமே இருக்கின்றன. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துக் கட்டிய வீடுகள் அவை.

இவ்வளவு காலம் கழித்து ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். போன மாதம், அந்தத் தீயில் வீட்டை இழந்த குடும்பத்துப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். மகனுக்குச் சாதிச் சான்று வேண்டும், கல்வி உதவித்தொகைக்கு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தார்கள். தகப்பனின் சாதிச் சான்றோ மாற்றுச் சான்றிதழோ இணைக்கவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. தகப்பனின் மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது, ஆனால் எந்த நிலையில்? லேமினேஷன் உருகிச் சுருண்டு, தாள் அதோடு ஒட்டிப்போய், பள்ளி முத்திரையில் பாதிதான் தெரிகிறது. பெயரில் முதல் இரண்டு எழுத்துகள் மிச்சம். சாதி எழுதியிருந்த வரி முழுவதும் கருகிப்போய்விட்டது. அதை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு, துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அலுவலகத்தில் காட்டியபோது, "இதை வைத்து என்னம்மா செய்ய முடியும், போலீஸில் சான்று வாங்கி வா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அங்கே ஓர் எழுத்தருக்கு மெமோ போகும், வழக்கம் அப்படியே இருக்கும். அந்தப் பெண்ணுக்கும் தன் பெயர் வெளியே வருவதில் பயம் இருக்கிறது. இன்னும் அதே ஊரில்தானே இருக்க வேண்டும்?

தீ வைக்கப்பட்டபோது அந்தப் பையன் பிறக்கவே இல்லை, ஐயா. அவன் படிப்பை அந்தத் தீ இன்றைக்கு வந்து தடுக்கிறது.

சான்றிதழ் தொலைந்தால் நகல் வாங்கும் முறை எனக்குத் தெரியும். எத்தனையோ மாணவர்களுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை என்று அவர்கள் சான்று தர வேண்டும். அப்புறம் வட்டாட்சியர் அலுவலகம், படித்த பள்ளி, கட்டணம். பேருந்தில் பையைத் தவறவிட்டவருக்கு இது சரி. ஊரோடு கொளுத்தப்பட்டவர்களையும் இதே வரிசையில் நிற்க வைப்பது என்ன நியாயம்? வீடு எரிந்தது என்று முதல் தகவல் அறிக்கை போட்டது அரசு. சேதத்தைக் கணக்கெடுத்தது அரசு. நிவாரணப் பட்டியலில் அந்தக் குடும்பத்தின் பெயரை எழுதியதும் அரசு. இத்தனைக்கும் பிறகு, சான்றிதழ் எரிந்ததை அவர்களே நிரூபிக்க வேண்டும் என்றால் எப்படி?

ஒரு நாள் கூலியை விட்டுத்தான் ஒவ்வொரு முறையும் அலுவலகம் போகிறார்கள். "நாளைக்கு வா" என்று சொல்பவருக்கு அது ஒரு வார்த்தை. கேட்பவருக்கு அன்றைய சாப்பாடு.

நான் கேட்பது ஒன்றுதான். சாதி வன்முறையில் ஒரு குடியிருப்பு எரிக்கப்பட்டால், எரிந்த ஆவணங்கள் அனைத்தையும் அரசே அந்தக் குடியிருப்புக்கு வந்து, கட்டணமில்லாமல், குறிப்பிட்ட காலத்துக்குள் புதிதாக வழங்க வேண்டும். குடும்ப அட்டை, பட்டா, சாதிச் சான்று, மதிப்பெண் சான்றிதழ் எல்லாமே. பயந்து வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்த பிறகும் இந்த வழி திறந்திருக்க வேண்டும். இதை நிரந்தர அரசாணையாகப் பிறப்பியுங்கள்.

முடியாத காரியமா இது? 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களில் சிறப்பு முகாம் நடத்தி ஆவணங்களை இலவசமாகக் கொடுத்தது இதே அரசு இயந்திரம்தான். அப்போது நல்ல வேலை செய்தீர்கள். தண்ணீரில் போன காகிதத்துக்கு இருக்கும் அக்கறை, வேண்டுமென்றே கொளுத்தப்பட்ட காகிதத்துக்கும் இருக்கட்டும்.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைக் காக்கும் வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏழு நாட்களுக்குள் நிவாரணம் தர வேண்டும். உணவு, உடை, தங்குமிடம், மருத்துவம், போக்குவரத்து என்று பட்டியலே உண்டு. மற்ற அத்தியாவசியப் பொருட்கள் என்றும் அதில் இருக்கிறது. எரிந்த வீட்டுக்குப் பதிலாகச் செங்கல் அல்லது கல் வீட்டை அரசு செலவில் கட்டித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. 15ஆவது விதிப்படி, வன்கொடுமை நடந்தால் என்ன செய்வது என்று மாநில அரசு முன்கூட்டியே ஓர் எதிர்பாரா நிகழ்வுத் திட்டம் வகுக்க வேண்டும். ஆவணங்களை அந்தத் திட்டத்தில் சேர்க்க டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனம் ஆறவில்லை. 1968இல் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 தலித் மக்களை எரித்தார்கள். அந்த வழக்கில் நிலக்கிழார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். 1995இல் கொடியன்குளத்தில் தலித் வீடுகளில் புகுந்து சான்றிதழ்களை அழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது காவல்துறையே. படித்து மேலே வரும் குடும்பத்தின் காகிதம்தான் எரிப்பவனின் கண்ணை உறுத்துகிறது. இது அரசுக்குத் தெரியாதா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்கும், முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும் என்பது விதி. இதுவரை எத்தனை முறை கூடியது, என்ன முடிவெடுத்தது என்று வெளியிடுங்கள். ஒவ்வொரு தீக்குப் பிறகும் அமைச்சர் வருகிறார், வேட்டி சேலை வருகிறது, கேமராக்கள் வருகின்றன. எல்லோரும் போன பிறகு வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணோடு யாரும் வருவதில்லை.

கோபத்தில் அதிகம் எழுதிவிட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அதிகாரிகளில் மனசாட்சியோடு வேலை செய்பவர்களை நான் நேரில் அறிவேன். அவர்கள் கையில் ஓர் அரசாணை இருந்தால் போதும், இந்த வேலை நடந்துவிடும்.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். எரிந்த ஆவணங்களை அரசே தேடி வந்து தரும்படி அரசாணை பிறப்பியுங்கள். 2012இல் எரிந்த மூன்று குடியிருப்புகளுக்கும் அது பொருந்தும் என்று அதில் தெளிவாக எழுதுங்கள். அந்தப் பையனின் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. அரசாணை வரும்வரை, 2012 நிவாரணப் பட்டியலில் உள்ள பெயரையே ஆதாரமாக ஏற்கும்படி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதமாவது அனுப்புங்கள்.

பணிவன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை, தருமபுரி மாவட்டம்