யார் பாட்டு என்று சொல்லிவிடு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன். பத்தும் உன் பெயரில் இருக்கின்றன. முதல் ஆல்பம் முழுக்க உன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்கிறாய். அந்த ஆசை நியாயமானதுதான். ஆனாலும் ஸ்டூடியோவுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் முதல் ஆல்பத்தைப் பார். 1961 நவம்பரில், நியூயார்க்கில், இரண்டே நாளில் பதிவானது. அவருக்கு அப்போது வயது 20. ஒரு கிட்டார், ஒரு ஹார்மோனிகா, குரல், அவ்வளவுதான். 1962 மார்ச்சில் வெளிவந்த அந்த ஆல்பத்தின் 13 பாட்டில் அவர் எழுதியவை இரண்டுதான். மற்றவை நாட்டுப்பாடல்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த பழைய புளூஸ் பாட்டுகள். விற்பனையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அடுத்த வருஷமே கிட்டத்தட்ட முழுக்கத் தன் பாட்டாக இன்னொரு ஆல்பம் கொண்டுவந்தார். முதலில் மற்றவர்கள் பாட்டைப் பாடியதால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

முதல் ஆல்பத்தில் அவர் எழுதிய இரண்டில் ஒன்று, மூத்த நாட்டுப்பாடகர் வுடி கத்ரிக்காக எழுதியது. மெட்டுகூட கத்ரியின் பாட்டு ஒன்றிலிருந்து வந்ததுதான். ஆனால் யாருக்கு நன்றி என்று பாட்டே சொல்லிவிடுகிறது. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

அதே ஆல்பத்தில் ஒரு வருத்தமும் உண்டு. 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' பழைய நாட்டுப்பாடல், யாரும் பாடலாம். ஆனால் டிலன் பாடியது டேவ் வான் ராங்க் என்ற இன்னொரு பாடகர் அமைத்து வைத்திருந்த விதம். வான் ராங்க் அதைத் தானே பதிவு செய்ய நினைத்திருந்தார். டிலன் அவரிடம் கேட்டபோது பதிவு ஏற்கெனவே முடிந்திருந்தது. பிறகு வான் ராங்க் அதைப் பாடினால், டிலனிடமிருந்து எடுத்தார் என்றார்களாம். அவர் அந்தப் பாட்டைப் பாடுவதையே விட்டுவிட்டார். தான் வளர்த்த பாட்டை ஒருவர் வாய்விட்டுப் பாட முடியாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு!

இப்போது உன் பட்டியலில் நாலாவது பாட்டுக்கு வருகிறேன். வரிகள் உன்னுடையவை, அழகான வரிகள். மெட்டு, உனக்குப் பாடச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெரியவருடையது. சரணத்தின் கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டே போய் மூச்சோடு சட்டென்று விடுகிறாயே, அதுவும் அவரிடமிருந்து வந்ததுதான். நீ மறைக்க நினைக்கவில்லை, எனக்குத் தெரியும். கூடவே இருந்து பழகிய மெட்டு நம்முடையதாகவே தோன்றிவிடும். அவரிடம் இப்போதே கேள், பதிவு முடிந்த பிறகு வேண்டாம். அவர் சரி என்றால் மெட்டு அவருடையது என்று பெயரோடு போடு, வருமானத்தில் பங்கையும் எழுத்தில் பேசிவிடு. வேண்டாம் என்றால் ஒன்பது பாட்டு போதும். அவருக்குச் சம்மதமென்றால், அவர் பாடும் பழைய பாட்டு ஒன்றையும் அப்படியே சேர்த்துப் பாடேன். உன் குரலுக்கு அவை நன்றாகப் பொருந்தும்.

அப்புறம், குரலுக்கு எதிரொலி கூட்டலாமா என்று கேட்டிருந்தாய். பாடகி ஜோனி மிட்சலின் முதல் ஆல்பத்தில், 1968-இல், பியானோ கம்பிகள் அதிர்வதற்காக அவரைப் பியானோவுக்குள் பாட வைத்தார்கள். இரைச்சலும் கூடவே பதிவாகிவிட்டது. அதை நீக்கப் போய் குரலின் பளிச்சும் மங்கியது. நீ மைக் முன் நேராக நின்று பாடு.

பெரியவர் என்ன சொன்னார் என்று எழுது. ஒத்திகைப் பதிவு இருந்தால் அதையும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா