குரோட்டன்ஸ் நிறம் மங்குவது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்ததிலிருந்து நம் நர்சரியில் அதிகம் விற்பது குரோட்டன்ஸ்தான். அதிகமாகக் கேள்வி வருவதும் அதைப் பற்றித்தான். "வாங்கும்போது செக்கச்செவேலென்று இருந்தது, இப்போது பச்சையாகிவிட்டதே?" என்கிறார்கள். "ஒரே வாரத்தில் பாதி இலை கொட்டிவிட்டது, செடி போய்விட்டதா?" என்கிறார்கள். கடையில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி சொல்லி அனுப்புவதில் எங்களுக்கே திருப்தி இல்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறோம்.

"கலர் நன்றாக வர என்ன உரம் போட வேண்டும்?" என்பதுதான் நாங்கள் அதிகம் கேட்கும் கேள்வி. குரோட்டன்ஸுக்கு நிறம் கொடுப்பது வெளிச்சம். எந்த உரமும் அந்த வேலையைச் செய்யாது. யூரியா மாதிரி தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் செடி மளமளவென்று வளரும், ஆனால் பச்சையாக வளரும்.

இலையில் மூன்று வகை நிறமிகள் இருக்கின்றன. பச்சைக்குப் பச்சையம், மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் கரோட்டினாய்டுகள், சிவப்புக்கும் ஊதாவுக்கும் ஆந்தோசயனின். நல்ல வெளிச்சத்தில் நிற்கும் செடி ஆந்தோசயனினைத் தாராளமாக உண்டாக்கும். இருட்டான மூலையில் வைத்தால், கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்து உணவு தயாரிக்க அதற்குப் பச்சையம் அதிகம் தேவைப்படும். புதிதாக வரும் இலைகள் பச்சையாகவே வரும், மற்ற நிறங்கள் அடியில் அமுங்கிப்போகும். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்த செடி இரண்டு மூன்று மாதத்தில் வெறும் பச்சைச் செடியாக மாறுவது இதனால்தான். அதைத் திரும்ப வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அடுத்து வரும் தளிர்களில் நிறம் வந்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், பாதிக் கவலை குறைந்துவிடும். பல ரகங்களில் இலையின் வயதுக்கு ஏற்ப நிறம் மாறும். பெட்ரா ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இளம் இலை பச்சையில் மஞ்சள் நரம்போடு வரும். முற்ற முற்ற நரம்புகள் ஆரஞ்சாகும், சிவப்பாகும், இலையும் கருத்த நிறத்துக்குப் போகும். கடையில் நீங்கள் பார்த்து மயங்கிய சிவப்பு, முற்றிய இலைகளின் சிவப்பு. வீட்டில் புதுத் துளிர் பச்சை மஞ்சளாக வந்ததும் "நிறம் போகிறது" என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் செடி நன்றாகத் துளிர்க்கிறது என்றுதான் அர்த்தம், கொஞ்சம் பொறுத்திருங்கள். கோல்டு டஸ்ட் மாதிரி ரகங்கள் எவ்வளவு வெயில் பட்டாலும் சிவக்காது. பச்சையில் மஞ்சள் புள்ளி தெளித்திருப்பதுதான் அவற்றின் அழகு. வாங்கும்போதே எந்த ரகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வெளிச்சம் வேண்டும் என்றவுடன் வாங்கிய அன்றே மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். இங்கே செடிகள் பச்சை நிழல்வலைக்கு அடியில் வளர்ந்தவை. நேராக உச்சி வெயிலில் வைத்தால் இலைகள் வெளுத்து, காகிதம்போலக் கருகிவிடும். முதல் வாரம் காலை வெயில் மட்டும் படும் இடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதிக வெயில் என்று பழக்குங்கள். எங்கள் அனுபவத்தில் வீட்டின் கிழக்குப் பக்கம்தான் குரோட்டன்ஸுக்கு மிகப் பொருத்தமான இடம். நான்கைந்து மணி நேரம் காலை வெயில், பிற்பகலில் சுவர் நிழல். அடுக்குமாடியில் இருப்பவர்களும் கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் தயங்காமல் வாங்கலாம். மேற்குப் பக்கம் மட்டும்தான் இடம் என்றால் சித்திரை, வைகாசியில் மட்டும் ஒரு நிழல்வலை கட்டிவிடுங்கள்.

இலை கொட்டும் பிரச்சினைக்கு வருவோம். குரோட்டன்ஸுக்கு இடமாற்றம் பிடிக்காது. இந்தோனேசியா, மலேசியா, ஆஸ்திரேலியாவின் வடபகுதி, மேற்குப் பசிபிக் தீவுகள் என்று வெப்பமும் ஈரக்காற்றும் நிறைந்த இடங்கள்தான் இதன் பூர்வீகம். நர்சரியின் ஈரமான காற்றிலிருந்து ஏசி ஓடும் அறைக்கோ, அனல் அடிக்கும் மாடிக்கோ போனதும் அடி இலைகளை உதிர்க்கத் தொடங்கும். அந்தச் சமயத்தில் நாம் பயந்துபோய்ச் செய்யும் வேலைகள்தான் செடியைக் கொல்கின்றன. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறோம், உரம் வைக்கிறோம், தொட்டி மாற்றுகிறோம், இங்கே இருந்து அங்கே நகர்த்துகிறோம். இலையில்லாத செடி தண்ணீரை அதிகம் குடிக்காது, ஊற்றியதெல்லாம் தேங்கி வேர் அழுகிவிடும்.

இலை கொட்டினால் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விட்டு, ஒரே இடத்தில் விட்டுவிடுங்கள். சில வாரங்களில் கணுக்களில் துளிர் எட்டிப் பார்க்கும். மற்றபடி, அடியில் இருக்கும் ஒன்றிரண்டு முதிர்ந்த இலை அவ்வப்போது உதிர்வது எல்லாச் செடிக்கும் வழக்கம்தான்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் நர்சரிகளில் விற்கும் குரோட்டன்ஸில் பெரும்பகுதி ஆந்திராவில் கோதாவரிக் கரையோரம் இருக்கும் கடியம் பக்கமிருந்து லாரியில் வருகிறது. வேரைச் சுற்றிக் களிமண்ணை உருண்டையாகப் பிடித்திருப்பார்கள். பயணத்துக்கு அது நல்லது. ஆனால் அதை அப்படியே தொட்டியில் இறக்கினால், காய்ந்ததும் உருண்டை கல்லாக இறுகிவிடும். ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவேர் வறண்டு கிடக்கும். ஆகவே செடி வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் ஓய்வெடுத்த பிறகு, ஒரு சாயங்கால வேளையில் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்பக்கக் களிமண்ணை மட்டும் விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு நடுங்கள். வேர் அறுபட்டுவிடக் கூடாது. கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் போதும். தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை எடுத்துவிடுங்கள்.

தரையில் வைப்பவர்கள் செடிக்குச் செடி மூன்றடியாவது விடுங்கள். வெட்டாமல் விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி வளரக்கூடிய புதர் இது. சுவரை ஒட்டி, கட்டடம் கட்டியபோது கொட்டிய சிமென்ட், சுண்ணாம்புக் கழிவு இருக்கும் இடத்தில் வைக்க வேண்டாம். குரோட்டன்ஸுக்கு லேசான அமிலத்தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இளம் இலை வெளிறிப்போகும்.

தண்ணீரில் ஒரு எச்சரிக்கை. ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். உங்கள் நல்ல எண்ணம் புரிகிறது. ஆனால் வடிகட்டிப் பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தொடர்ந்து ஊற்றினால் இலை ஓரங்கள் பழுப்பாகக் கருகும். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைத் தாராளமாக விடலாம். உப்புப் போர் தண்ணீர்தான் கதி என்பவர்கள், மழை பெய்யும்போது தொட்டிகளை நன்றாக நனைய விடுங்கள், மண்ணில் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும்.

பூச்சிகளில் மாவுப்பூச்சியும் செஞ்சிலந்தியும்தான் தொல்லை. வாரம் ஒரு முறை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

செடி ஒற்றைக் குச்சியாக உயர்ந்து, உச்சியில் மட்டும் இலை வைத்திருக்கிறதா? மழை தொடங்கும் சமயத்தில் துணிந்து பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்டுக்குக் கீழே பக்கக் கிளைகள் வெடிக்கும், புதர் அடர்த்தியாகும். முழுப் பச்சையாக ஒரு கிளை மட்டும் தனியாக வளர்ந்தால் அதை அடியோடு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும்.

பிடித்த ரகத்தை இன்னொரு செடியாக்க ஆசையிருந்தால் பதியம் போடலாம். விதை போட்டால் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. பென்சில் தடிமனுள்ள கிளையில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். மழைக்காலத்தில் ஒன்று, ஒன்றரை மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டித் தொட்டியில் வைத்து, கொஞ்ச நாள் நிழலில் விடுங்கள். இதைக் கற்றுக்கொண்டால் எங்களுக்கு ஒரு செடி விற்பனை குறையும். பரவாயில்லை, வருகிறவர்களுக்கு நாங்களே செய்து காட்டுகிறோம்.

ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் மரம் எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது குரோட்டன்ஸ். வெட்டினால் சாறு வடியும். சிலருக்குத் தோலில் அரிப்பு வரும், துணியில் பட்டால் கறை போகாது. கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். இலையைக் கடித்தால் வாயும் வயிறும் எரியும், அதனால் தவழும் குழந்தையும் நாய்க்குட்டியும் இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஊட்டி, கொடைக்கானலிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து டிகிரிக்குக் கீழே போகும் குளிரை இந்தச் செடி தாங்காது. உங்களுக்கு ஹைட்ரேஞ்சியாதான் சரி. அங்கேயே நல்ல கன்றுகள் கிடைக்கும்.

இந்த மாதம் முதல் ஒவ்வொரு குரோட்டன்ஸ் தொட்டியிலும் ஒரு அட்டை செருகியிருப்போம். ரகத்தின் பெயர், இளம் இலையின் நிறம், முற்றிய இலையின் நிறம், எத்தனை மணி நேர வெயில் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சந்தேகம் கேட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது இலையை மட்டும் கிட்டத்தில் எடுக்காமல், செடி நிற்கும் இடம் முழுவதும் தெரியும்படி இன்னொரு படமும், பகல் நேரத்தில் எடுத்து அனுப்புங்கள். பதில் சொல்ல எங்களுக்குப் பெரும்பாலும் அந்த இரண்டாவது படம்தான் உதவுகிறது.

அன்புடன்,
உங்கள் நர்சரியினர்