கசியும் உப்பும் கடைத் திண்ணை மூட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆனி, ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால் குமரி மாவட்டத்தில் உப்பு கசியாத அடுக்களை அரிது. எங்கள் வீட்டு உப்பு மரவையின் (மரப்பாத்திரத்தின்) அடியில் தேங்கிய நீரைச் சென்ற வாரம் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரிப்பையும் மீறிக் கசந்தது. கசிவுக்குக் காரணம் அந்தக் கசப்பில்தான் இருக்கிறது.

தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அதனோடு ஒட்டிவரும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். நம் கடலோரக் காற்று அவ்வளவு வறள்வதே இல்லை எனலாம். உப்பளத்துப் பாத்தியில் நீர், அதன் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவில் 25 டிகிரியை எட்டும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் உப்புப் பரல்களில் தங்கிவிடும். அத்தகைய உப்பை எத்தனை முறை வெயிலில் காயவைத்தாலும், மெக்னீசியம் உள்ளேயே இருப்பதால் மறுநாளே ஈரம் திரும்பிவிடும். சுவாமித்தோப்பு, புத்தளம் அளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

என் கவலை அயோடின் பற்றியது. நம் நாட்டில் அயோடினுக்காக உப்பில் சேர்க்கப்படும் பொட்டாசியம் அயோடேட், மற்றோர் அயோடின் சேர்மமான அயோடைடைப்போலக் காற்றில் எளிதில் சிதைவதில்லை. ஆனால் அது நீரில் கரையும். பரலின் மேல் படிந்துள்ள அயோடேட், கசியும் நீரோடு மூட்டையின் அடிக்கு இறங்கி, சாக்கு வழியே தரைக்குப் போய்விடுகிறது. வாங்குவோர் கைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. மூட்டையை இரவும் பகலும் கடைத் திண்ணையில் வைக்கும் பழைய வழக்கம் தொடரும் வரை, அந்த அளவு எஞ்சும் என்று எப்படி நம்புவது? எங்கள் ஊர்க் கடையொன்றில் மூட்டை சாய்ந்திருந்த சுவரில், ஊறிய உப்பு காயும்போது பூச்சின் துளைகளுக்குள் பரலாகி, முழங்கால் உயரத்துக்குப் பூச்சையே பொரித்து உதிர்த்திருக்கிறது. சுவர் குடித்தது உப்பை மட்டுமன்று, அயோடினையும்தான்.

மூட்டைக்கு அடியில் ஒரு பலகை, உள்ளே பாலித்தீன் உறை, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி, மேலே கூரை ஆகியவை போதும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மழைக்காலத்தில் திண்ணை மூட்டைகளிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவுகளை ஊராட்சிதோறும் அறிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தாமரைக்குளம், கன்னியாகுமரி மாவட்டம்.