மேயர் வேறு, ஆணையர் வேறு

ஆசிரியருக்கு,

தெருவில் பள்ளம் என்றால் மேயரைத்தான் திட்டுகிறோம். சென்னை மாநகராட்சியில் மேயரும் 200 வார்டு கவுன்சிலர்களும் மன்றத்தில் தீர்மானம் போடுவார்கள். அதை நிறைவேற்ற வேண்டியவர் ஆணையர். மன்றம் அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி அவர், இடம் மாற்றுவதும் அரசுதான். ஆகவே ஆணையருக்கு இரண்டு எஜமானர்கள்!

சாலை வேலையையே எடுத்துக்கொள்வோம். உதவிப் பொறியாளர் மதிப்பீடு போடுவார். பிறகு ஒப்புதல், டெண்டர், பணி ஆணை, செய்த வேலையின் அளவை எழுதும் அளவீட்டுப் புத்தகத்தில் பதிவு, கடைசியில் பில். கோளாறு நுழைவது அந்த அளவீட்டில்தான்: செய்யாத வேலையையும் செய்ததாக எழுதிவிடலாம். பழைய தாரை மில்லிங் செய்து சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால் தெரு உயர்ந்துகொண்டே போகும். ஐப்பசி மழைக்கு வாசற்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வரும். எத்தனை மி.மீ. சுரண்டினார்கள் என்று நாலு தெருவிலாவது திடீர்ச் சோதனை செய்த பிறகே பில்லை விட ஆணையர் உத்தரவிட வேண்டும்.

சாக்கடை அடைப்புக்கு மட்டும் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. மழைநீர் வடிகால்தான் மாநகராட்சியுடையது. வடிகாலில் யாரேனும் கள்ளத்தனமாகக் கழிவுநீரை இணைத்திருந்தால் இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டும். அதனால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லும்போது, நிரம்பி வழிவது நடுத்தெரு மேன்ஹோலா, ஓரத்து வடிகாலா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசகர், சென்னை